சுண்டல் கூடைக்குப் பின்னால் போனவன்

எங்கள் ரயில்வே தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் தம்பி இரண்டு முறை வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டார். "நீங்க கீமேனா இருந்தப்ப பெரிய விபத்து ஒண்ணத் தடுத்தீங்களே, அத எழுதுங்க" என்றார். தடுத்தது உண்மைதான். விரிசல் விட்ட தண்டவாளத்தைக் கண்டுபிடித்து, சிவப்புக் கொடி காட்டி, மெயிலை நிறுத்தினேன். அதற்குக் கொடுத்த நற்சான்றிதழ் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பார்க்கிற இடமாகப் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறேன். ஆனால் அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. காலையில் தெளிந்த தலையோடு வேலைக்குப் போன எவனும் அதைச் செய்திருப்பான். அந்தத் தெளிந்த தலை எனக்கு எங்கே கிடைத்தது என்பதுதான் எழுத வேண்டிய விஷயம். ஆரோக்கியம்மாவின் சுண்டல் கூடைக்குப் பின்னால் போனதில் கிடைத்தது. தம்பி இதை அச்சில் போட யோசிப்பார். யோசிக்கட்டும்.

எனக்கு ஊர் வேப்பம்பட்டு. அப்பாவுக்கு இருந்த நிலம் அண்ணன்களுக்கே போதவில்லை என்பதால் இருபது வயதில் ரயில்வே கேங்கில் சேர்ந்தேன். ஜல்லி வாரினேன், கட்டை தூக்கினேன், தோள்பட்டை காய்த்துப் போனது. ஆறாம் வருஷம் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, கையில் கீமேன் சுத்தியலைக் கொடுத்தார். லைன் ஓரத்தில் குடியிருக்க ஒரு வீடும் வந்தது. என் மனைவி தனம் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு, "செவுரு நேரா கீது" என்றாள். அவள் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு.

கீமேன் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்புக்கு நாங்கள் கீ என்போம். ரயில் ஓட ஓட அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். காலை ஆறு மணிக்குச் சுத்தியலும் ஸ்பேனரும் இரண்டு கொடிகளும் எடுத்துக்கொண்டு பட்டாபிராமில் கிளம்ப வேண்டும். திருநின்றவூர் கேட் வரை ஒரு லைனில் நடந்து போய், பக்கத்து லைனில் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கீயையும் பார்க்க வேண்டும், சந்தேகப்பட்டதைத் தட்ட வேண்டும். இறுகிய கீ ணங்கென்று பேசும். தளர்ந்தது டொக்கென்று செத்த குரலில் பேசும். நல்ல கீமேனுக்குக் கண் பாதி வேலை செய்தால் காது மீதி வேலை செய்யும்.

எனக்குக் காதுதான் முதலில் போயிற்று. நெமிலிச்சேரி பக்கம் லைனை ஒட்டி ஒரு பனந்தோப்பு, அதற்குள் கள்ளுக்கடை. முதலில் வேலை முடிந்த பிறகு போனேன். அப்புறம் திரும்பி வருகிற வழியில் போனேன். கடைசியில் போகிற வழியிலேயே போய்விட்டு மேலே நடந்தேன். அதற்கப்புறம் எந்தக் கீயைத் தட்டினாலும் ணங்கென்றே கேட்டது. உலகத்தில் எல்லாமே இறுக்கமாகவும் சரியாகவும் இருப்பதாகத் தோன்றியது.

எங்கள் இன்ஸ்பெக்டர் டேவிஸ் துரை. சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். எங்கள் எல்லோரையும்விட நன்றாக மெட்ராஸ் பாஷை பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆட்கள் லைன்மேல் தள்ளிவருகிற டிராலியில் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, லைனையே பார்த்துக்கொண்டு வருவார். திடீரென்று கையைத் தூக்கினால் டிராலி நிற்கும். இறங்கிப் போய்க் குனிந்து ஒரு கீக்கு அடியில் எதையோ செருகிவிட்டு வந்து மறுபடி உட்காருவார். செருகியது அவர் கையெழுத்துப் போட்ட நீலச் சீட்டு. வாரத்துக்கு மூன்று சீட்டு வைப்பார். எங்கே என்று டிராலி தள்ளுகிறவர்களுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. கீமேன் ஒழுங்காக நடந்தால் மூன்றும் அவன் கையில் வந்து சேர வேண்டும். சனிக்கிழமை அவர் கையை நீட்டுவார், நாங்கள் சீட்டுகளை வைப்போம். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ஒரு சனிக்கிழமை நான் இரண்டுதான் வைத்தேன்.

"மூணாவது?"

"காத்துல பறந்துடுச்சு போல துரை."

அவர் என்னை டிராலியில் ஏற்றிக்கொள்ளவில்லை. தானும் ஏறவில்லை. இரண்டு மைல் என்னோடு நடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பாலத்தைத் தாண்டியதும் நின்று, ஒரு கீயைக் காட்டினார். நீலச் சீட்டு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அவர் குனிந்து, இரண்டு விரலால் அந்தக் கீயை உருவி எடுத்தார். சுத்தியல் வேண்டியிருக்கவில்லை. கடைச் சாமானை எடுப்பது போல வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்து எனக்கு முன்னால் நீட்டினார். தூரத்தில் பாசஞ்சர் வண்டி ஊதியது. நானே அந்தக் கீயை அடித்து ஏற்றினேன். முதல் அடி என் கட்டைவிரலில் விழுந்தது.

வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலில் ஒரு பெண் குழந்தை எங்களைப் பார்த்துக் கையாட்டியது. அப்போது நான் பட்ட வெட்கத்தை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் முழுங்க முடியவில்லை.

"இன்னொரு வாட்டி உன்ன அந்தக் கள்ளுக்கடையாண்ட பாத்தேன்னு வெச்சுக்க, சுத்தியல அங்கயே குடுத்துட்டுப் போயிடணும். இன்னா மேன், புரிஞ்சுதா?" என்றார்.

தனத்திடம் சொன்னேன். அவள் அழவில்லை. "சுத்தியல் பூட்டா ஊடும் பூடும். ஊடு பூட்டா நானும் கொழந்தைங்களும் எங்கம்மா ஊட்டுக்குப் போய்கினே இருப்போம். நீ அந்தத் தோப்புலயே பாய் போட்டுக்க" என்றாள். நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். சத்தியம் மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் கடைக்குப் பின்பக்கமாகப் போனேன். துரை முன்பக்கத்தைத்தானே சொன்னார் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கதர்ச் சட்டை போட்ட காங்கிரஸ்காரர்கள் வந்து கடை வாசலில் மறியல் செய்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. கடையை ஏலத்தில் எடுத்திருந்த காண்ட்ராக்டர் கத்திப் பார்த்தார், கும்பிட்டுப் பார்த்தார், கடைசியில் கடையை மூடினார். ஊரே சந்தோஷப்பட்டது. எனக்குக் கை காலெல்லாம் உதறியது. திருவள்ளூர் பக்கம் போகலாமா, பூந்தமல்லி பக்கம் போகலாமா என்று மனசு ஊர் ஊராக ஓடியது.

கடை மூடிய மூன்றாம் நாள் சாயங்காலம் ஆரோக்கியம்மா என்னைத் தாண்டிப் போனாள். அவள் அந்தக் கடை வாசலில் சாக்னா விற்றவள். கள்ளுக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற மொச்சைச் சுண்டல், வறுத்த கருவாடு, அவித்த முட்டை எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் சாக்னா என்று பெயர். புருஷன் குடித்தே செத்தவன். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு பிழைக்க அவளுக்குத் தெரிந்த இடம் அந்த வாசல்தான். கடை மூடிய பிறகு அவள் வீட்டில் இருக்க வேண்டியவள். ஆனால் தலையில் கூடை, கூடை மேல் ஈரத்துணி, துணியைத் தாண்டி வறுத்த நெத்திலி வாசனை. வேகமாக ஏரிக்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

என் மூளை அன்றைக்கு வேலை செய்த வேகத்தில் எப்போதும் வேலை செய்ததில்லை. சாக்னா போகிற இடத்தில் சரக்கு இருந்தே ஆக வேண்டும். காண்ட்ராக்டர் ரகசியமாக வேறு இடத்தில் கடை போட்டிருக்கிறார்! வீட்டுக்கு ஓடி, எனாமல் குவளையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, ஒரு பர்லாங் தள்ளியே அவளைப் பின்தொடர்ந்தேன்.

ஏரி மதகுக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம். அதன் கீழே ஐந்து பேர் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரையும் எனக்குத் தெரியும். கடையில் என் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. போய் உட்கார்ந்தேன். ஆரோக்கியம்மா ஒரு இலையில் சுண்டல் வைத்தாள். நான் குவளையை எடுத்து முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். யாரும் ஊற்றவில்லை.

"இன்னாப்பா, எங்க பானை?" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், ஒருவன் இருமிப் புரையேறி ஏரித் தண்ணீரைக் குடிக்க ஓடினான். சென்னீர்குப்பத்து வண்டிக்காரன் ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயும் கூடையப் பாத்துகினுதான் வந்தியா மச்சான்?" என்றான். பிறகு ஐந்து பேரும் மடியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். ஒருவனிடம் பித்தளை டம்ளர், ஒருவனிடம் கொட்டாங்கச்சி, ஏகாம்பரத்திடம் ஒரு முழு மண்மொந்தை. எல்லோரும் என்னைப் போலவே கணக்குப் போட்டு, கூடைக்குப் பின்னால் ஏனத்தோடு வந்து சேர்ந்தவர்கள்!

நடந்தது இதுதான். கடை மூடிய அன்று ஆரோக்கியம்மா சுட்டதும் அவித்ததும் அப்படியே மீந்துவிட்டது. மதகில் மீன் பிடிக்கிறவர்களுக்கு விற்கலாமென்று ஏரிப் பக்கம் வந்தாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஏகாம்பரமும் இன்னொருவனும். "எங்கயும் சரக்கு இல்ல. வந்தது வந்தீங்க, குந்தித் துன்னுட்டுப் போங்க" என்று இலையைப் போட்டாள். அவர்கள் தின்றார்கள், பேசினார்கள், விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. எழுந்தபோதுதான் இன்றைக்குக் குடிக்கவில்லை என்பது அவர்களுக்கு உறைத்தது. மறுநாளும் வந்தார்கள்.

அதற்குத் தலைவர் கிடையாது, பேர் கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, சரியாகக் கடைக்குப் போகிற நேரத்துக்கு, மதகடியில் கூட வேண்டும். ஒவ்வொருவனும் இன்றைக்கு எத்தனையாவது நாள், இன்றைக்கு எந்த நேரத்தில் தாகம் எடுத்தது, அப்போது என்ன செய்தான் என்று சொல்ல வேண்டும். ஒருவன் தாகம் எடுத்தபோது எருமையைக் குளிப்பாட்டினானாம். ஒரே நாளில் மூன்று தடவை குளித்த எருமை நான்காம் தடவை அவனைக் கண்டதும் ஓடிவிட்டதாம். ஏகாம்பரம் வண்டி மாட்டோடு சத்தமாகப் பேசிக்கொண்டே பூந்தமல்லி வரை போனானாம். அன்றைக்கு நான் சிரித்ததில் வயிறு வலித்தது. சிரித்து முடித்தபோது கை உதறல் கொஞ்சம் நின்றிருந்தது.

சட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைப் போட்டவள் ஆரோக்கியம்மா. யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு அவனுக்குச் சாக்னா கிடையாது. மறியல்காரர்களில் ஒரு படித்த பையன் ஒரு நாள் வந்து, குடி குடியைக் கெடுக்கும் என்று ஒரு மணி நேரம் பேசினானாம். பேசி முடிப்பதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்குக் குடிக்க வேண்டும் போல ஆகிவிட்டதாம். "எங்கூட்டுக்காரருக்கு நான் சொல்லாத புத்தியா? சாமியார் சொல்லாத புத்தியா? புத்தியக் கேட்டுகினே செத்தாரு. இங்க அது வாணாம்" என்றாள் அவள். அந்தச் சட்டத்தில் அதிகமாக மாட்டியவன் ஏகாம்பரம்தான். வாயைத் திறந்தால் அவனுக்கு உபதேசம்தான் வரும். வாரத்தில் இரண்டு நாளாவது கையைக் கட்டிக்கொண்டு நாங்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, காலையில் பட்டாபிராம் தாண்டி ஒரு கீயைத் தட்டினேன். டொக் என்றது. நின்றுவிட்டேன். மறுபடி தட்டினேன். டொக். எத்தனை மாசமாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! அடித்து ஏற்றினேன், ணங்கென்றது. லைனில் தனியாக நின்று பைத்தியக்காரன் மாதிரிச் சிரித்தேன். அந்தச் சனிக்கிழமை துரையின் கையில் மூன்று சீட்டு வைத்தேன். அடுத்த வாரமும் மூன்று. அவர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. தனம் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு ஒரு முட்டை அதிகம் வைத்தாள். சுண்டல் தின்று வயிறு நிறைந்திருந்தாலும் அந்த முட்டையை விடவில்லை.

நாங்கள் பன்னிரண்டு பேர் ஆனோம். இரண்டு மாசம் போயிற்று. மறியல் முடிந்தது. ஒரு நாள் காலை தோப்பில் கொட்டு மேளம் கேட்டது. காண்ட்ராக்டர் கடையை மறுபடி திறந்துவிட்டார்.

அன்றைக்கு ஐந்து மணிக்கு மதகடியில் பன்னிரண்டு பேரும் இருந்தோம். கூடை வரவில்லை. ஐந்தேகால் ஆயிற்று. அரக்கோணம் வண்டி போயிற்று. யாரும் நாளும் சொல்லவில்லை, கதையும் சொல்லவில்லை. எல்லோருடைய வாயும் எதையோ தேடிற்று. நான் எழுந்தேன்.

"அந்தம்மா எங்கன்னு பாத்துட்டு வரேன்" என்றேன்.

நான் எங்கே போகிறேன் என்று பதினோரு பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். போகாதே என்று சொன்னால் அது புத்தி சொன்னதாகிவிடும். ஏகாம்பரம் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நானும் பாக்கணும்" என்று எழுந்தான். அடுத்தவனும் எழுந்தான். கடைசியில் பன்னிரண்டு பேரும் வரப்பில் வரிசையாக, ஒரு பேச்சும் இல்லாமல், கள்ளுக்கடையை நோக்கி நடந்தோம். அப்படி ஒரு ஊர்வலத்தை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

காண்ட்ராக்டர் எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்ததுபோல ஓடி வந்தார். "வாங்க அண்ணாத்தே, வாங்க நைனா, எல்லாரும் வந்துட்டீங்களா!" வாசலில் பழைய இடத்தில் ஆரோக்கியம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் அவள் முகம் கறுத்துப்போயிற்று.

"பாதிக் கூடய இங்க வித்துட்டு அங்க வர்லாம்னு பாத்தேன். உங்க பன்னெண்டு பேரோட வாய மட்டும் நம்பிப் புள்ளைங்கள வளக்க முடியுமா?" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். ஆனால் எனக்கு அது காதில் விழவில்லை. புதுக் கள்ளின் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. என் ஒரு கால் வாசற்படியைத் தாண்டி உள்ளே இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் புருஷன் முகத்தில் பார்த்த எதையோ அதில் பார்த்திருக்க வேண்டும். எழுந்து, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, விடுவிடுவென்று நடக்க ஆரம்பித்தாள்.

நெத்திலி வாசனை என்னைத் தாண்டிப் போயிற்று. உள்ளே இருந்த என் கால் தானாக வெளியே வந்தது. பன்னிரண்டு பேரும் அவள் பின்னால் திரும்பினோம். உள்ளே மொந்தையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர், "சாக்னா எங்கம்மா போவுது?" என்று கேட்டுக்கொண்டே, மொந்தையைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார்கள். காண்ட்ராக்டர் வாயைப் பிளந்தபடி நின்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்த சந்தோஷம். அது பத்து அடி கூட நீடிக்கவில்லை. லைனில் டிராலி நின்றிருந்தது. துரை தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கள்ளுக்கடை வாசலிலிருந்து வருகிற என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார்.

போனேன். தனமும் குழந்தைகளும் என் கண்ணுக்கு முன்னால் மாமியார் வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மேன் இது, கூட்டம்?"

அதற்குள் பின்னாலேயே வந்த ஆரோக்கியம்மா கூடையை இறக்காமலே சொன்னாள். "இவங்கல்லாம் குடிய உட்டவங்க தொர. தெனம் அஞ்சு மணிக்கு ஏரி மதகாண்ட குந்தி நம்ம சுண்டலத் துன்னுவாங்க. இன்னிக்கு நான் வர்லன்னு என்னத் தேடிகினு வந்தாங்க. தப்பு என்னுது."

துரை டிராலியை விட்டு இறங்கினார். "ஊது" என்றார்.

நான் ஊதினேன். நம்பாமல் இன்னும் கிட்டே வந்தார். அவர் மூக்கு என் வாய்க்குச் சமமாக வந்து நின்றது. மறுபடி ஊதினேன். அப்போது அவரும் மூச்சை விட்டார். அது நேராக என் மூக்கில் வந்தது.

பிராந்தி. இப்போது குடித்ததல்ல, மதியத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது. அந்தக் கணக்கில் நான் தேர்ந்தவன், எனக்குத் தப்பாது. நான் அவரைப் பார்த்தேன். நான் கண்டுகொண்டேன் என்பதை அவரும் கண்டுகொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐயோ, இந்த மனுஷன் இத்தனை நாளும் தனியாகவே இருந்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது.

"எத்தினி நாள்?" என்றார், மெதுவாக.

"அறுபத்து மூணு துரை."

"அறுபத்து மூணு" என்று அவர் தமக்குள் சொல்லிப் பார்த்தார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு டிராலியில் ஏறினார். என் சுத்தியலைக் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து, ஐந்து மணிக்கு, கரைமேல் ஒருவர் நடந்து வந்தார். டிராலி இல்லை, தொப்பி இல்லை. கிட்டே வந்த பிறகுதான் துரை என்று தெரிந்தது. பதினான்கு பேரும் பதறி எழுந்தோம். ஆரோக்கியம்மா, "எல்லாம் குந்துங்க. இங்க வர்றவங்க எல்லாம் ஒண்ணுதான்" என்று அதட்டினாள். உட்கார்ந்தோம். நான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். அவர் கால்சட்டையோடு தரையில் உட்காரத் தெரியாமல் உட்கார்ந்தார். இலை வந்தது. எல்லோரும் நாள் சொன்னோம். அவர் முறை வந்தது.

"இன்னும் ஒண்ணு ஆவல மேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. "காலைல குடிச்சேன்."

ஏகாம்பரம் வாயைத் திறந்தான். பதின்மூன்று பேர் அவனை முறைத்தோம். மூடிக்கொண்டான். ஆரோக்கியம்மா துரையின் இலையில் இன்னும் கொஞ்சம் கருவாடு வைத்தாள்.

மறுநாள் அவர் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். கை உதறிக்கொண்டிருந்தது. முறை வரும்வரை பொறுக்க அவரால் முடியவில்லை. சீட்டு வாங்க நீட்டுகிற அதே கையைத் தூக்கி, ஒரு விரலைக் காட்டி, "ஒண்ணு!" என்றார். நாங்கள் பதினான்கு பேரும் கைதட்டிக் கத்திய கத்தலில் ஏரியில் இருந்த நாரையெல்லாம் எழுந்து பறந்தது. அவ்வளவு நாள் பழகியும், துரை வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.